குதிரை பொறுக்காது, மாடு பொறுக்கும்

பதுளைப் பக்கத்துக் கால்நடை அலுவலகம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் போதனாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். போதனாசிரியர் என்றதும் பள்ளிக்கூட வாத்தியார் என்று நினைத்துவிட வேண்டாம். தோட்டம் தோட்டமாக மோட்டார் சைக்கிளில் போய் மாடுகளுக்குத் தடுப்பூசி போடுவது, சினையா இல்லையா என்று கைவிட்டுப் பார்ப்பது, கன்று போட முடியாமல் தவிக்கும் மாட்டுக்குக் கை கொடுப்பது, இவைதான் என் வேலை. எங்களால் முடியாததை எங்களுக்கு மேலே இருக்கும் மிருக வைத்தியர் வந்து பார்ப்பார்.

போன மாதம் அந்த அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நிரோஷா என்ற பெண் தொலைபேசியில் பேசினாள். இப்போதெல்லாம் மாடு வளர்ப்பவர்கள் வாட்ஸ்அப்பில் வீடியோ எடுத்து அனுப்பிவிட்டு, "பொறுக்கலாமா, உடனே வாறீங்களா?" என்று கேட்கிறார்களாம். "சார், எந்த மிருகத்துக்கு எவ்வளவு நேரம் பொறுக்கலாம்னு ஒரு தாள்ல எழுதித் தாங்க. ஆபீஸ் சுவத்துல ஒட்டி வச்சுக்கிறோம்" என்றாள்.

அன்று மாலையே எழுதி அனுப்பினேன். மாடு, எருமை, ஆடு, பன்றி, நாய், முயல், குதிரை என்று ஒரு பக்கத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. அந்தப் பக்கத்தில் எழுத முடியாத ஒன்று மிச்சம் இருந்தது. அதை இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், பணிய லயம் என்று சொல்லும் கீழ்ப்பக்கத் தொழிலாளர் வரிசை வீடுகளில். அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். எங்கள் லயத்தில் இருந்து அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். இரண்டு வருடப் பயிற்சியில் நிறையப் படித்தேன். ஆஸ்திரேலியாவில் முட்டை இட்டுக் குஞ்சுக்குப் பால் கொடுக்கும் ஒரு பிராணி இருப்பதையும், கங்காரு அவரைக்கொட்டை அளவில் குட்டி போட்டு மிச்சத்தைப் பைக்குள் வைத்து வளர்ப்பதையும் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். ஆட்டின் வயிற்றுக்குள் இரண்டு குட்டிகளின் எட்டுக் கால்களும் பின்னிக்கொண்டு கிடந்தால் எதைப் பிடித்து இழுப்பது என்று யாரும் காட்டவில்லை.

அதைக் காட்டியவர் டாக்டர் மல்லிகா. நான் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களில் எங்கள் பகுதிக்கு மாற்றலாகி வந்தார். சிங்களப் பெண்மணி, என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எங்களுக்குள் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம். ஆனால் மாட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போது என்னோடும் தமிழில்தான் பேசுவார். "அவங்க மாட்டைப் பத்திப் பேசறோம். அவங்களுக்கு விளங்க வேணும்" என்பார். புத்தகம் வைத்துத் தமிழ் படித்தவர் என்பதால் மரியாதைப் பன்மை தவிர வேறொன்றும் அவருக்கு வராது. மாட்டைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்பார். படுத்திருக்கும் எருமையிடம், "எழும்புங்க, எழும்புங்க" என்பார். லயத்துச் சனம் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பிறகு பழகிவிட்டது.

அவருடைய முறை ஒருநாளும் மாறாது. ஜீப்பில் இருந்து இறங்கியதும் மாட்டைத் தொடமாட்டார். சட்டைப் பையில் இருந்து ஒரு சின்னக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து மூன்று கேள்வி கேட்பார். தீனி எப்போது நின்றது? தண்ணீர்க்குடம் எப்போது உடைந்தது, அல்லது வலி எப்போது தொடங்கியது? நமக்கு முன்னால் யாராவது கை போட்டார்களா? பதிலையெல்லாம் நேரம் போட்டு எழுதிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் வாளி. தோள்மூட்டு வரைக்கும் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவ வேண்டும். மூன்றாவது வாளித் தண்ணீர் தெளிவாக இருந்தால்தான் கை உள்ளே போகலாம். என் நகங்களைத் தினமும் பார்ப்பார். "உள்ளே கண்ணு இல்ல. கை சொல்றது பாதி, நேரம் சொல்றது பாதி" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

ஹல்துமுல்லையில் ஒரு ஆடு. காலையில் இருந்து முக்கி முக்கிக் களைத்துக் கிடந்தது. இரண்டு கால்கள் வெளியே தெரிந்தன. வீட்டுக்காரர் அதில் கயிறு கட்டத் தயாராக நின்றார். நானும் இழுத்திருப்பேன். டாக்டர் என்னைக் கையை உள்ளே விட்டுப் பார்க்கச் சொன்னார்.

"இழுக்க வேண்டாம். எண்ணுங்க. இந்த ரெண்டும் ஒரே ஆளோட காலா?"

முன்னங்காலில் குளம்புக்கு மேலே உள்ள இரண்டு மூட்டும் ஒரே பக்கம் மடங்கும். பின்னங்காலில் ஒன்றுக்கொன்று எதிராக மடங்கும். முதலில் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு காலைப் பிடித்துக்கொண்டே நெஞ்சு வரை போய், கழுத்தைக் கடந்து, மறு பக்கத்துக் காலுக்கு இறங்கி வர வேண்டும். அப்படிப் போனபோது தெரிந்தது, வெளியே நின்ற கால்கள் இரண்டும் முன்னங்கால்கள்தான், ஆனால் வேறு வேறு குட்டியுடையவை. ஒன்றை மெல்ல உள்ளே தள்ளி, மற்றக் குட்டியின் மடங்கிய காலை விரலால் கொக்கி போட்டு எடுத்தோம். தலை வந்தது. பிறகு இரண்டாவது குட்டி தானாகவே வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. இரண்டும் தும்மின. கயிற்றோடு நின்ற அந்த மனிதர் கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு அவசரம் உண்டு, ஒரு நிதானம் உண்டு என்பதை அவரோடு போய்ப் போய்த்தான் படித்தேன். பன்றிக்குக் குட்டி தலை முன்னால் வந்தாலும் சரி, பின்புறம் முன்னால் வந்தாலும் சரி. கால் மணிக்கு ஒன்றாக வரிசையாகப் போட்டுக்கொண்டே இருக்கும். குட்டிகள் தொப்புள்கொடியை இழுத்துக்கொண்டே தாயின் பின்னங்காலைச் சுற்றி வந்து ஆளுக்கொரு காம்பைப் பிடித்துக்கொள்ளும். நாய் குட்டியைப் பையோடு போடும். பையைக் கிழிப்பதும் கொடியைக் கடிப்பதும் தாயின் வேலை. முதல் ஈற்று நாய் சில நேரம் திகைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டே இருக்கும், அப்போது நாம் கிழிக்க வேண்டும். யானை இருபத்திரண்டு மாதம் சுமந்து, நின்றபடியே ஈனும் என்று படித்திருக்கிறேன். வெல்லவாயப் பக்கம் எத்தனையோ தடவை யானையைப் பார்த்தும் அதை மட்டும் பார்க்கக் கிடைக்கவில்லை.

முயலில் ஒரு தடவை பிழை விட்டேன். ஒரு தோட்டத்துப் பெண்கள் சங்கத்துக்கு முயல் கொடுத்திருந்தார்கள். ஒரு தாய் தன் வயிற்று மயிரையே பிடுங்கிப் பஞ்சு போல மெத்தை போட்டு, மயிர் இல்லாத, கண் திறக்காத ஏழு குட்டிகளை அதில் போட்டுவிட்டுத் தூரப் போய் உட்கார்ந்துகொண்டது. பகல் முழுக்கக் கிட்டவே போகவில்லை. தாய் ஒதுக்கிவிட்டது என்று நினைத்து, பசுப்பாலைச் சொட்டுச் சொட்டாகக் குட்டிகளுக்குக் கொடுக்கச் சொன்னேன். மூன்று நாளில் ஏழும் போய்விட்டன. விஷயத்தைச் சொன்னபோது டாக்டர் கோபப்படவில்லை. "முயல் ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் பால் கொடுக்கும். அதுவும் அஞ்சு நிமிஷம். நீங்க பார்க்காத நேரத்துல கொடுத்திருக்கும்" என்றார். பிறகு, "அந்தப் பெண்களிடம் போய் இதை நீங்களே சொல்லுங்க" என்றார். போய்ச் சொன்னேன். அதைச் சொல்ல முடிந்தது. ஏழு முயல் குட்டிதானே.

செம்பியின் கதை அப்படி இல்லை.

பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். எங்கள் லயத்தில் எங்கள் வீட்டில் இருந்து இரண்டு காம்பரா தள்ளி இருந்தவர் ராஜம்மா அக்கா. எனக்கு ஏழெட்டு வயது மூத்தவர், கொழுந்து பறிக்கிறவர். சின்ன வயதில் அம்மா மலைக்கு வேலைக்குப் போயிருக்கும் நேரங்களில் அவர் வீட்டில் எத்தனையோ தடவை ரொட்டி சாப்பிட்டிருக்கிறேன். நான் வேலை கிடைத்துப் பதுளை டவுனுக்குக் குடிபோன பிறகும் அவருக்கு நான் தம்பிதான். கணவர் இறந்த பிறகு ஒரு கன்றுக்குட்டியை வாங்கி வளர்த்தார். அதுதான் செம்பி, சிவப்பு நிற ஜெர்சி. அதன் பாலில்தான் மகள் சுதா பதுளைக்கு ரியூஷன் வகுப்புக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். உயர்தரப் பரீட்சைக்கு ஒரு வருடம் இருந்தது. செம்பிக்கு அது மூன்றாவது ஈற்று.

அன்று காலை ஆறரைக்கு அவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தம்பி, செம்பி ரெண்டு மணியில இருந்து படுக்குது, எந்திரிக்குது. வயித்த வயித்த ஒதைக்குது. இன்னும் தண்ணிக்கொடம் தெரியல."

"முக்குதா அக்கா?"

"முக்கவே இல்லப்பா. அதான் பயமா இருக்கு. போன ரெண்டு தடவையும் இப்பிடி இல்ல."

"முக்கலன்னா இன்னும் நேரம் இருக்கு. பொறுங்க, வந்துடுறேன்."

இதை எழுதும்போது அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளக்கமாகக் கேட்கிறது. வயிற்றை உதைக்கிறது, முக்கவில்லை, குடம் வரவில்லை, போன தடவை இப்படி இல்லை. மாட்டின் கருப்பை சில நேரம் கன்றோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். துணி பிழிவது போல வாய்ப்பக்கம் அடைபட்டுவிடும். கன்று வழிக்குள் வராது. வராததால் மாடு முக்காது. பார்ப்பவருக்கு இன்னும் நேரம் இருப்பது போலவே தெரியும். இதை டாக்டர் எனக்குப் பலமுறை சொல்லிக் கொடுத்திருந்தார். அந்தக் காலையில் எனக்கு இது தோன்றவில்லை என்று நெடுங்காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். தோன்றியது.

வாளி, கயிறு, சவர்க்காரம் எல்லாம் வண்டியில் கட்டிக்கொண்டிருந்தபோது எல்ல என்ற மலை ஊரில் இருந்து அழைப்பு வந்தது. பழைய துரை பங்களா ஒன்றை உல்லாசப் பயணிகளுக்கான ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். அங்கே சவாரிக்கு வைத்திருந்த பெண் குதிரை நிறைசினையாக இருந்தது. பேசியவர் ஹோட்டல் மனேஜர் நியாஸ், பண்டாரவளைக்காரர். என்னைத்தான் டாக்டர் என்று நினைத்திருந்தார்.

"டாக்டர், குதிரைக்கு வேர்த்து ஊத்துது. மடியில இருந்து பால் சொட்டுது. உடனே வரணும். மொதலாளி கொழும்புல இருந்து ரெண்டு தடவ கோல் எடுத்துட்டார்."

குதிரை பெரும்பாலும் ஆள் நடமாட்டம் இல்லாத இரவில்தான் ஈனும். விடிந்த பிறகு தொடங்குவது அபூர்வம். ஆனால் தண்ணீர் உடைந்தால் அரை மணித்தியாலம்தான் கணக்கு. அதற்குள் குட்டி வெளியே வராவிட்டால் குட்டி இல்லை. மாட்டுக்கு அப்படி இல்லை, மணிக்கணக்கில் தாங்கும். குதிரை பொறுக்காது, மாடு பொறுக்கும். புத்தகம் அதைத்தான் சொல்கிறது. நான் வண்டியை எல்லப் பக்கம் திருப்பினேன். டாக்டர் அன்று ஹல்துமுல்லையில் தடுப்பூசி வேலையில் இருந்தார். அவருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் நேரே ஸ்பிரிங்வெளிக்குப் போயிருப்பார். சொல்லவில்லை. ராஜம்மா அக்காவுக்கும் சொல்லவில்லை.

எல்லயில் நான் இறங்கும்போது எட்டு மணி. லாயத்தைச் சுற்றி வெள்ளைக்காரர்கள் கெமராவோடு நின்றார்கள். அவர்களை விலக்கிக் கதவைச் சாத்தினேன். நான் அங்கே செய்த வேலை அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் குதிரை பக்கவாட்டில் படுத்தது. தண்ணீர் உடைந்தது. வெள்ளைச் சவ்வுக்குள் ஒரு கால், அதற்குக் கொஞ்சம் பின்னால் இன்னொரு கால், அதன் மேலே மூக்கு. எல்லாம் வர வேண்டிய ஒழுங்கில் வந்தது. பதினெட்டு நிமிடத்தில் குட்டி வைக்கோலில் கிடந்தது. தாய் எழுந்தபோது கொடி தானாக அறுந்தது. தொப்புளில் மருந்து தடவினேன். ஒரு மணித்தியாலத்துக்குள் குட்டி நீளமான கால்களைப் பரப்பிக்கொண்டு நின்றது, விழுந்தது, மறுபடி நின்று மடியைத் தேடிப் பிடித்தது. ஒன்பதரைக்கு நஞ்சுக்கொடி விழுந்தது. புல்லில் விரித்துப் பார்த்தேன். ஒரு துண்டும் குறையவில்லை.

ஒன்பதரைக்கு எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். எல்லக்குப் போனதற்குக் காரணம் சொல்ல முடியும். இருந்ததற்கு முடியாது.

"டாக்டர், சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார் நியாஸ். பங்களா விறாந்தையில் பிரம்பு நாற்காலி போட்டார்கள். எதிரே மலை இரண்டாகப் பிரிந்து தூரத்துச் சமவெளி வரைக்கும் தெரிந்தது. தேநீர் வந்தது, கேக் வந்தது. முதலாளி கொழும்பில் இருந்து பேசினார். "தேங்க் யூ டாக்டர்" என்றார். குட்டிக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். நான் டாக்டர் இல்லை என்று சொல்ல எனக்குப் பல சந்தர்ப்பம் கிடைத்தது. சொல்லவில்லை. அப்பா உயிரோடு இருந்த காலத்தில் அப்படிப்பட்ட பங்களா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெயிலில் நின்று பேசிவிட்டு வருவார். அந்த விறாந்தையில் நான் காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்துவர மனம் வரவில்லை.

பத்தரைக்கு ராஜம்மா அக்காவின் அழைப்பு. கேக் சாப்பிடும் கரண்டி கையில் இருந்தது.

"எங்கப்பா இருக்க? செம்பி படுத்திடுச்சு, எந்திரிக்க மாட்டேங்குது."

"வந்துகிட்டே இருக்கேன் அக்கா. வழியிலதான் இருக்கேன்."

சாப்பாடு முடிந்து நான் வண்டியை எடுத்தபோது பன்னிரண்டரை. ஸ்பிரிங்வெளிக்குப் போய்ச் சேர இரண்டு மணி ஆகிவிட்டது.

அக்கா அன்று வேலைக்குப் போகவில்லை. பட்டியில் செம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் வாளியில் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மாட்டின் காதைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. மூன்று தரம் கழுவிவிட்டுக் கையை உள்ளே விட்டேன். நேராகப் போக வேண்டிய வழி, திருகாணியின் புரி போல இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனது. விரல் நுனி மட்டும்தான் நுழைந்தது. வெளியே எடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன்.

நாலு மணிக்கு ஜீப் வந்தது. டாக்டர் இறங்கினார். மாட்டைத் தொடவில்லை. குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். அக்கா பக்கத்தில் நின்றதால் தமிழில் கேட்டார்.

"முதல் கோல் எத்தனை மணிக்கு வந்தது?"

"பன்னெண்டு மணி போல" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது, வாயில் தயாராக இருந்தது போல வந்து விழுந்தது. டாக்டர் எழுதினார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார்.

"அம்மா, சரிதானே? வலி எப்போ தொடங்கினது?"

அக்கா என்னைப் பார்த்தார். ஒரு மூச்சு நேரம் இருக்கும். அவர் முகத்தில் கோபம் இல்லை. என்னவோ கணக்குப் பார்ப்பவர் போல நின்றார்.

"ஆமாங்க. பன்னெண்டு மணி இருக்கும்" என்றார்.

டாக்டர் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். முறுக்கைத் திறக்க இரண்டு வழி இருப்பதாக எனக்குச் சிங்களத்தில் சொன்னார். ஒன்று, மாட்டைப் புரட்டுவது. மற்றது, விலாவில் கீறிக் கருப்பையைத் திறப்பது. முறுக்கி அதிக நேரம் ஆகவில்லை என்றால் புரட்டுவது நல்லது. அதிக நேரம் ஆகியிருந்தால் இரத்தம் போகாமல் பை நைந்திருக்கும், புரட்டினால் கிழியும், அப்போது கீறுவதுதான் நல்லது. பை எந்த நிலையில் இருக்கிறது என்பது வெளியில் இருந்து தெரியாது. குறிப்புப் புத்தகத்தைத் திறந்து ஒருமுறை பார்த்தார். "நாலு மணித்தியாலம்தானே. புரட்டுவோம்" என்றார்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

லயத்து ஆண்கள் ஆறு பேர் வந்தார்கள். செம்பியைப் பட்டிக்கு வெளியே புல்லுக்கு இழுத்து, முறுக்கு இடப்பக்கம் என்பதால் இடப்பக்கமாகவே படுக்க வைத்தோம். முன்னங்கால்களை ஒரு கயிற்றிலும் பின்னங்கால்களை ஒரு கயிற்றிலும் கட்டினோம். ஒரு கதவைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டின் வயிற்றின் மேல் சாய்த்து, ஒரு முனையை நிலத்தில் ஊன்றினோம். பலகையின் மேல் ஒரு ஆள் ஏறி நின்றால் உள்ளே கன்று நகராமல் அழுந்தி நிற்கும். மாட்டை மட்டும் முதுகு வழியாக வலப்பக்கம் புரட்டும்போது, பை நின்ற இடத்தில் நிற்க, உடம்பு சுற்றி வந்து முறுக்கு அவிழும். எடை குறைந்தவன் என்பதால் பலகையில் நான் நின்றேன். உயிருள்ள கன்று என்றால் அழுத்தும்போது உதைக்கும், அது காலுக்குத் தெரியும். என் காலடியில் ஒன்றும் அசையவில்லை.

முதல் தடவை திறக்கவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாவது தடவை புரட்டியதும் கறுப்பும் சிவப்புமாகத் தண்ணீர் கொட்டியது. நாற்றம் வந்தது. டாக்டர் கயிறு போட்டு, மெல்ல, மாடு விடும் மூச்சுக்கு மூச்சு இழுத்துக் கன்றை எடுத்தார். கிடாரிக் கன்று. டாக்டர் குனிந்து அதன் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். கருவிழியில் பால் படர்ந்தது போல வெள்ளையாக இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் செத்த கன்றுக்கு அப்படி இருக்காது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இமையை மூடிவிட்டுக் கை கழுவப் போனார்.

செம்பி எழவில்லை. டாக்டர் ஊசி போட்டார், மருந்துத் தண்ணீர் ஏற்றினார். அதன் கழுத்துக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, "எழும்புங்க, கொஞ்சம் எழும்புங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் சிரிக்கவில்லை. இருட்டுவதற்கு முன் அது தலையைச் சாய்த்துவிட்டது. அக்கா சத்தம் போட்டு அழவில்லை. வகுப்பு முடிந்து புத்தகப் பையோடு வந்த சுதாதான் அழுதாள்.

ஜீப்பில் ஏறும்போது டாக்டர் சிங்களத்தில் சொன்னார், "பை உள்ளே கிழிந்துவிட்டது. நாலு மணித்தியாலத்தில் அப்படி நையாது." சொல்லிவிட்டு ஏறாமல் நின்றார். டிரைவர் எஞ்சினைப் போட்டான். அவர் இன்னும் நின்றார். நான் வாளியைக் கவிழ்த்து அதன் அடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஏறிப் போய்விட்டார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் செம்பி பிழைத்திருக்கும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். கன்று காலையிலேயே செத்திருக்கும். ஆனால் தாயைப் புரட்டியிருக்க மாட்டார்கள். அதற்கு ஒரு வழி இருந்தது, அதை நான் அடைத்தேன்.

டாக்டர் என்மீது முறைப்பாடு எழுதவில்லை. ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தப் பட்டிக்குப் போனாலும் என்னிடம் நேரம் கேட்பதில்லை. நான் பக்கத்தில் நிற்கும்போதே என்னைத் தாண்டிப்போய் மாட்டுக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்வார். மற்றபடி முன்போலவே பழகினார், நகத்தைப் பார்த்தார், வேலை சொல்லித் தந்தார். இரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போனார். பிரியாவிடையில் நான்தான் மாலை போட்டேன். அன்றைக்கும் சொல்லவில்லை.

அக்கா பிறகு மாடு வாங்கவில்லை. சுதா வகுப்பை நிறுத்தினாள். பரீட்சை எழுதாமலே கொழும்புக்கு ஆடைத் தொழிற்சாலை வேலைக்குப் போனாள். நான் லயத்துக்கு மற்றவர்களின் மாடு பார்க்கப் போகும்போது அக்காவைக் காண்பேன். முகம் கொடுத்துத்தான் பேசுவார். ஆனால் தம்பி என்று கூப்பிடுவது நின்றுபோனது. "வாங்க சார்" என்பார். நான் அதை ஒரு தடவையும் மறுத்துச் சொல்லவில்லை. சொல்வதற்கு எனக்கு என்ன உரிமை?

நிரோஷாவுக்கு அந்தத் தாளை அனுப்பிய மறுவாரம் நான் ஸ்பிரிங்வெளிக்கு பஸ் ஏறினேன். அக்காவுக்கு இப்போது எழுபதை நெருங்குகிறது. முழங்கால் வலியால் மெல்ல நடக்கிறார். மாட்டுப் பட்டியில் விறகு அடுக்கியிருந்தது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் போட்டார். சுதாவுக்கு இரண்டு பிள்ளைகள் என்று படம் காட்டினார். நான் தேநீரைத் தொடாமல் கேட்டேன்.

"அக்கா, அன்னைக்கு டாக்டரம்மா நேரம் கேட்டப்ப, நான் பொய் சொன்னேன். நீங்க ஏன் காட்டிக் குடுக்கல?"

அவர் மெல்ல எழுந்தார். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சொல்லியிருந்தா ஒங்க வேல போயிருக்குமில்ல, சார்? நம்ம லயத்துல இருந்து ஒரே ஒரு ஆளு. நீங்களும் போயிட்டா மத்த சனத்தோட மாட்டுக்கு ஒரு ஆத்திரம் அவசரம்னா யாரு வருவா? எனக்கு எப்பிடியும் போச்சு, மத்தவங்களுக்காச்சும் இருக்கட்டும்னு நெனச்சேன்."

"நான் உண்மையச் சொல்லியிருந்தா செம்பி ஒருவேள பொழச்சிருக்கும் அக்கா. நேரத்த மாத்திச் சொன்னதாலதான் புரட்டினாங்க."

இது அவருக்குத் தெரியாது. அவருடைய கை மடியில் இருந்த சேலைத் தலைப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றது. அந்த ஒரு சொல்லுக்கு அவரும் ஆமா போட்டவர் என்பது அப்போதுதான் எனக்கும் உறைத்தது. இத்தனை வருடம் கழித்து வந்து அந்தப் பாரத்தில் பாதியை அவர் தலையில் ஏற்றிவிட்டேன்.

பிறகு அவர் கேட்டார், "அன்னைக்கு எங்க போயிருந்தீங்க? அத மட்டும் நான் கேக்கவே இல்ல."

"எல்லக்குப் போனேன் அக்கா. ஒரு குதிர குட்டி போட இருந்திச்சு. குதிரைக்கு நேரம் பொறுக்காது."

"குட்டி பொழச்சிச்சா?"

"பொழச்சிச்சு."

"தாயி?"

"தாயும் நல்லா இருந்திச்சு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். முகம் கொஞ்சம் இளகியது.

"சரி விடுங்க சார். அந்த ரெண்டு உசுராச்சும் ஒங்க கையால நின்னிச்சே."

அந்த இரண்டு உயிருக்கும் என் கை தேவைப்படவே இல்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் ஆறிக்கொண்டிருந்த தேநீரை என் பக்கமாக நகர்த்தி வைத்தார். எடுத்துக் குடித்தேன். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.